'பர்சூடு' (1947): இருட்டு வெஸ்டர்ன் ஒன்றை முதன்முறை பார்ப்பவர்களுக்கான வழிகாட்டி

'பர்சூடு' படத்தைப் பாதியில் நிறுத்தியவர்களில் பலர் பார்த்தது அந்தப் படத்தையே அல்ல, டிவி காட்டிய சாம்பல் நிறக் கலங்கலை. கறுப்பு கறுப்பாகத் தெரியாவிட்டால் இந்தப் படத்தில் பாதி காணாமல் போய்விடும். கதையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயத்தை நிழல்தான் சொல்கிறது. அதனால் கதைச்சுருக்கத்துக்கு முன்னால் டிவி ரிமோட்டிலிருந்தே தொடங்க வேண்டும்.

படத்தைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டியது கொஞ்சம்தான். இது ஒரு வெஸ்டர்ன், அதாவது குதிரையும் துப்பாக்கியுமாக அமெரிக்க மேற்குப் பகுதியில் நடக்கும் கதை. இயக்கம் ரவுல் வால்ஷ். ஒளிப்பதிவு ஜேம்ஸ் வாங் ஹோவ்: 1899-இல் சீனாவில் பிறந்து, ஐந்து வயதில் அமெரிக்கா போய், நிழலைக் கையாண்ட விதத்துக்காகவே 'லோ-கீ ஹோவ்' என்று பெயர் வாங்கியவர். திரைக்கதை நிவன் புஷ், இசை மேக்ஸ் ஸ்டைனர். ராபர்ட் மிட்சம், தெரசா ரைட், ஜூடித் ஆண்டர்சன், டீன் ஜாகர் நடித்திருக்கிறார்கள். கறுப்பு வெள்ளை, 101 நிமிடம். வெளிப்புறக் காட்சிகள் நியூ மெக்சிகோ மாநிலத்தில் கேலப் ஊரைச் சுற்றியுள்ள பாறைப் பகுதியில் எடுக்கப்பட்டவை. கதை நடக்கும் காலம் 1898-இல் அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் நடந்த போரை ஒட்டியது.

இதைக் காத்திக் வெஸ்டர்ன் என்று சொல்லலாம். காத்திக் என்பது இருண்ட, அச்சமூட்டும் கதைவகை; அந்தச் சொல்லைக் கேட்டதும் பேயை எதிர்பார்க்க வேண்டாம். இடிந்த வீடு, குழந்தைப் பருவத்தில் பார்த்து மறந்துபோன ஏதோ ஒரு கொடுமை, வாயைத் திறக்க மறுக்கும் ஒரு தாய், பெரியவர்கள் செய்ததைப் பிள்ளைகள் சுமப்பது: இவைதான் அந்த வகையின் அடையாளங்கள். இங்கே பேயின் வேலையைக் கடந்த காலம் செய்கிறது.

முதல் படி: எந்தப் பிரதி?

டிவிடி அல்லது ப்ளூ-ரே வட்டு கிடைத்தால் அதுவே நல்லது. இணையத்தில் யாரோ ஏற்றிவைத்த பிரதிதான் கிடைக்கிறது என்றால், முதலில் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 101 நிமிடத்துக்கு அருகில் இருக்க வேண்டும். 97 நிமிடம் என்றால் பயப்பட வேண்டாம், அது வெட்டப்பட்டதாக இருக்க வாய்ப்பு குறைவு. வினாடிக்கு 24 சட்டகமாக எடுத்த படத்தை ஐரோப்பிய டிவி முறைக்காக 25 சட்டகமாக ஓட்டியிருப்பார்கள். நூற்றுக்கு நான்கு பங்கு வேகம் கூடும். குரல்களும் சற்றே மெலிந்து ஒலிக்கும். மிட்சமின் அடித்தொண்டைக் குரலுக்கு அது நஷ்டம், ஆனாலும் பார்க்கலாம். 90 நிமிடத்துக்கும் கீழே என்றால் அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள்.

அடுத்து, இரவுக் காட்சி ஒன்றுக்கு ஓட்டிப்போய் நிறுத்துங்கள். இருட்டான மூலைகளில் சதுரம் சதுரமாகக் கட்டங்கள் தெரிகின்றனவா? கோப்பைச் சுருக்கும்போது மென்பொருள் முதலில் சிக்கனம் பிடிப்பது இருட்டான பகுதிகளில்தான், அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள் என்ற கணக்கில். வெளிச்சமான படங்களுக்கு அந்தக் கணக்கு சரி. பார்க்க வேண்டியதே இருட்டில் இருக்கும் இந்தப் படத்துக்கு அது கேடு. கட்டங்கள் தெரிந்தால் அதைவிடப் பெரிய கோப்பைத் தேடுங்கள்.

இரண்டாம் படி: டிவியைச் சரிசெய்தல்

இதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். கீழே உள்ள வரிசையிலேயே செய்வது நல்லது, ஏனென்றால் முன்னால் செய்யும் மாற்றம் பின்னால் செய்வதைப் பாதிக்கும்.

1. படப் பாங்கை 'சினிமா', 'மூவி' அல்லது 'ஃபிலிம்மேக்கர்' என்று மாற்றுங்கள். கடையில் பளிச்சென்று தெரிவதற்கான 'விவிட்' பாங்கில் கறுப்பு வெள்ளைப் படம் நீலம் பூத்துத் தெரியும். நிற வெப்பநிலை 'வார்ம்' பக்கம் இருக்கட்டும்.

2. அசைவை வழவழப்பாக்கும் வசதியை அணையுங்கள். எல்ஜியில் 'ட்ரூமோஷன்', சோனியில் 'மோஷன்ஃப்ளோ' என்ற பெயரில் இருக்கும். இருக்கும் சட்டகங்களுக்கு நடுவே டிவி தானாகக் கற்பனைச் சட்டகங்களைச் செருகுவதால், படம் மெகா சீரியல் போல வழுக்கும்.

3. டைனமிக் கான்ட்ராஸ்ட், இரைச்சல் குறைப்பு, அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மங்கும் சென்சார் மூன்றையும் அணையுங்கள். இரைச்சல் குறைப்பை விட்டுவைத்தால் ஃபிலிமின் மணித்துகளை அழுக்கு என்று எண்ணித் துடைத்துவிடும். அதோடு பாறைகளின் சொரசொரப்பும் போய்விடும்.

4. ஷார்ப்னஸைக் குறையுங்கள். தொப்பியின் ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் இன்னும் குறைக்க வேண்டும் என்று பொருள்.

5. படத்தின் அகலத்தை இழுக்காதீர்கள், ஜூமும் செய்யாதீர்கள். சட்டகத்தின் விகிதம் 1.37-க்கு 1. இன்றைய டிவியில் இருபக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் முறை. இழுத்தால் ஆட்கள் 30 சதவீதம் பருத்துப்போவார்கள். ஜூம் செய்தால் உயரத்தில் ஏறக்குறைய கால்பங்கு வெட்டுப்படும். குதிரையில் போகும் ஆள் எறும்பளவில் கீழே, செங்குத்துப் பாறை மேலே என்று அமைத்த காட்சிகளில் வெட்டுப்படுவது பாறையின் தலை. பயமே அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

6. கடைசியாகக் கறுப்பு. சில டிவிகளில் 'பிரைட்னஸ்', சிலவற்றில் 'பிளாக் லெவல்'. பின்விளக்கைக் கூட்டிக் குறைப்பது வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். கறுங்கோட்டு அணிந்த ஆள் நிற்கும் இரவுக் காட்சியில் நிறுத்திக்கொண்டு, இருட்டு சாம்பலாக வெளிறும்வரை மேலே ஏற்றுங்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியாக இறக்குங்கள். மிக இருண்ட மூலை பக்கத்துக் கறுப்புப் பட்டையோடு ஏறத்தாழ ஒன்றாகி, கோட்டின் மடிப்பு மட்டும் இன்னும் தெரிகிற இடத்தில் நில்லுங்கள். மடிப்பும் மறைந்துவிட்டால் இரண்டு புள்ளி திரும்பி வாருங்கள்.

ஆறாவது எவ்வளவு திருகியும் சரியாக வரவில்லை என்றால், கோளாறு கம்பி வழியே வரும் தகவலில் இருக்கலாம். வெளிச்ச அளவை எண்ணால் குறிப்பதில், வீடியோவில் கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235 என்று ஒரு மரபு. கணினியில் 0, 255. பிளேயர் ஒன்றைப் பேச, டிவி மற்றொன்றை எதிர்பார்த்தால் படம் வெளிறும், இல்லையேல் நிழல் மொத்தமாக மையாகிவிடும். இரண்டிலும் எச்டிஎம்ஐ வீச்சு 'லிமிடெட்' (16 முதல் 235 வரை) என்றே இருக்கட்டும்.

அறையில் டியூப்லைட் வேண்டாம். முழு இருட்டு கண்ணை வலிக்கச் செய்தால், டிவிக்குப் பின்னால் சுவரை நோக்கி ஒரு சிறு விளக்கு வையுங்கள். சப்டைட்டில் தேவைப்படுவோர் எழுத்தின் நிறத்தை வெள்ளையிலிருந்து சாம்பலுக்கு மாற்றுங்கள். தூய வெள்ளை எழுத்து கண் பாப்பாவைச் சுருக்கிவிடும், பிறகு நிழலில் நிற்பவர் தெரியமாட்டார்.

மூன்றாம் படி: உறவுமுறையை எழுதிவைத்துக்கொள்ளுதல்

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். இரண்டு குடும்பங்கள்: ராண்ட், கேலம். ராண்ட் குடும்பத்தில் மிஞ்சியவன் ஜெப் (மிட்சம்) மட்டும். கேலம் வீட்டில் விதவைத் தாய் மெடோரா (ஜூடித் ஆண்டர்சன்), அவள் மகன் ஆடம், மகள் தார் (தெரசா ரைட்). அநாதையான ஜெப்பை மெடோரா எடுத்து வளர்க்கிறாள். அவனை ஒழிக்காமல் ஓயமாட்டேன் என்று திரியும் கிராண்ட் (டீன் ஜாகர்), மெடோராவின் இறந்துபோன கணவனுக்கு உடன்பிறந்தவன். ஆங்கில வசனத்தில் வரும் உறவுச்சொல்லை வைத்துக்கொண்டு, இவன் அவளுடைய அண்ணனா தம்பியா என்று குழம்புகிறவர்கள் உண்டு. கணவன் வழி உறவு என்று ஒரு தாளில் எழுதிவைத்துவிட்டால் பாதிக் கதை விளங்கிவிடும், ஏனென்றால் இது அடிப்படையில் ஒரு பங்காளிப் பகை.

ஜெப்பும் தாரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள், பிறகு காதலிக்கிறார்கள். இது உறுத்தலாகத் தோன்றினால், அந்த உறுத்தலோடேயே பாருங்கள். இந்த வீட்டில் எந்த அன்பும் கறைபடாமல் இல்லை என்பதைப் படம் அப்படித்தான் உணர்த்துகிறது.

நான்காம் படி: முதல்முறை, நிறுத்தாமல்

கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு ஒரே மூச்சில் பாருங்கள். கதை முடிவுக்கு அருகில் தொடங்குகிறது: எரிந்து இடிந்த வீடு ஒன்றில் ஒளிந்திருக்கும் ஜெப்பைத் தேடித் தார் குதிரையில் வருகிறாள். அங்கிருந்து அவன் குரல் நம்மைப் பின்னால் அழைத்துப்போகிறது. ஆகவே 'அடுத்து என்ன நடக்கும்' என்ற கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஏமாற்றம்தான். எதிரி யார் என்பதும் சீக்கிரமே தெரிந்துவிடும். அவனுக்கு ஏன் இத்தனை வெறி, மெடோரா ஏன் பேசாமல் இருக்கிறாள் என்ற இரண்டு கேள்விகளோடு உட்காருங்கள்.

மூன்று இடங்களில் பொறுமை சோதிக்கப்படும். ஒன்று, ஜெப் நாயகனாக இருந்தும் தானாக எதையும் தொடங்குவதில்லை. அவனுக்கு நேர்கிறது, அவன் எதிர்கொள்கிறான், அவ்வளவே. தன் நினைவிலேயே ஓட்டை இருப்பவன் எதை நோக்கிப் பாய்வான்? மிட்சமின் பாதி மூடிய கண்களும் தூக்கக் கலக்கம் போன்ற நடையும் இதற்கென்றே பிறந்தவை. இரண்டு, தாரின் மனமாற்றங்கள் திடீரென்று வருவதுபோல் இருக்கும். தெரசா ரைட்டின் முகத்தை விட்டு அந்த நேரத்தில் கண்ணை எடுக்காதீர்கள், வசனம் விட்டதை முகம் நிரப்பும். மூன்று, முக்கியமான ரகசியம் அரைகுறை வார்த்தைகளில்தான் சொல்லப்படுகிறது. அன்றைய ஹாலிவுட் தயாரிப்பு விதிகள் 1934 முதல் கண்டிப்பாக அமலில் இருந்தன, ஆண் பெண் உறவு பற்றிய சில விஷயங்களை நேராகப் பேச அவை இடம் தரவில்லை. படத்துக்கு அது குறையாகவில்லை. பேச முடியாத விஷயம் பேச முடியாததாகவே கனத்துக்கொண்டு கிடக்கிறது. ஜூடித் ஆண்டர்சன் 1940-இல் 'ரெபெக்கா'வில் அந்தப் பெரிய மாளிகையின் இரும்பு முகப் பணிப்பெண்ணாக நடித்தவர். அதே உறைந்த முகத்தைக் கேலம் வீட்டுக் கூடத்தில் பார்க்கலாம்.

ஐந்தாம் படி: இரண்டாம் முறை, தாளும் பேனாவுமாக

ஒரு நாள் இடைவெளி விட்டுத் திரும்பப் பாருங்கள். இப்போது நிறுத்தலாம், பின்னே ஓட்டலாம். சிறிய விஷயங்கள் இரண்டை முதலில் முடித்துவிடலாம். பூட்ஸின் குதிகாலில் மாட்டும் முள்சக்கரம் எப்போதெல்லாம் மின்னுகிறது என்று நேரத்தோடு குறியுங்கள். சிறுவயதில் தரைக்கடியில் ஒளிந்திருந்த ஜெப் கண்டது அதைத்தான். நாணயம் சுண்டிப் பார்த்து முடிவெடுக்கும் இடங்களையும் குறியுங்கள். போருக்கு யார் போவது என்பதே அப்படித்தான் தீர்மானமாகிறது. அதன்பிறகும் நாணயம் வரும். 'லண்டன்டெரி ஏர்' என்ற பழைய ஐரிஷ் மெட்டைக் குடும்பமாகப் பாடும் காட்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டில் சந்தோஷம் என்று சொல்லத்தக்கது அங்கேதான் இருக்கிறது.

பெரிய வேலை வெளிச்சத்தைப் படிப்பது. உட்புறக் காட்சி ஒன்றில் நிறுத்தி நான்கு கேள்வி கேளுங்கள். சட்டகத்துக்குள் விளக்கோ ஜன்னலோ அடுப்போ தெரிகிறதா? முகத்தில் விழும் வெளிச்சம் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறதா? மூக்கின் நிழல் எந்தப் பக்கம், அதன் ஓரம் கூர்மையா மழுங்கலா? வெளிச்சம் படாத கன்னத்தில் ஏதாவது தெரிகிறதா, முழுக் கறுப்பா? பத்துச் சட்டகங்களுக்கு இப்படிச் செய்தால் 'லோ-கீ' என்ற சொல்லுக்கு யாரும் விளக்கம் தர வேண்டியிருக்காது. முதன்மை விளக்கு ஒன்று நிற்கும், நிழலை நிரப்பும் இரண்டாவது விளக்கை மிகவும் குறைத்திருப்பார்கள், அல்லது எடுத்தேவிட்டிருப்பார்கள். அந்த இரண்டாவது விளக்கை விலக்கும் துணிச்சல்தான் இந்தப் பாணி. கொஞ்சம் பிசகினாலும் நடிகரின் கண் குழியாகிவிடும். தொப்பி அணிந்தவர்கள் நிறைந்த வெஸ்டர்ன் படத்தில் அது இரட்டைச் சிக்கல், ஏனென்றால் விளக்கை உயர்த்தினால் தொப்பி விளிம்பின் நிழல் கண்ணை மூடும். விளிம்பின் நிழல் எப்போது கண்ணை மறைக்க அனுமதிக்கப்படுகிறது, எப்போது விலக்கப்படுகிறது என்று கவனியுங்கள். உண்மையை யார் மறைக்கிறார்கள், யார் மறைக்கவில்லை என்பதோடு அது பொருந்துகிறதா என்று பாருங்கள்.

பிறகு வெளிப்புறம். கறுப்பு வெள்ளைப் படங்களில் நடுப்பகலிலேயே வானம் இருண்டு, மேகம் மட்டும் வெண்மையாக மிதப்பதைக் கண்டிருப்பீர்கள். லென்ஸ் முன் சிவப்புக் கண்ணாடி மாட்டினால் அப்படி வரும். சிவப்பு வடிகட்டி நீலத்தைத் தடுக்கிறது, வானம் நீலம், ஆகவே வானம் கறுக்கிறது. 25 என்ற எண்ணுள்ள வழக்கமான சிவப்பு வடிகட்டிக்கு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இருமடங்கு), அதாவது எட்டு மடங்கு வெளிச்சம் வேண்டும். கேலப் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,000 மீட்டர் உயரத்தில், வறண்ட காற்றில் இருக்கிறது. அங்கே வானம் ஆழ்ந்த நீலம், வடிகட்டிக்கு நல்ல தீனி. புகைமூட்டமான வெளிர் வானத்தில் இதே கண்ணாடி பெரிதாக எதுவும் செய்யாது. குறையும் உண்டு: சிவப்பு வடிகட்டியில் தோலும் உதடும் வெளிறிப்போகும், அதனால் அண்மைக் காட்சிகளில் வேறு வழி தேட வேண்டியிருக்கும். தூரக் காட்சியிலிருந்து முகத்துக்கு வெட்டும்போது வானத்தின் நிறம் மாறுகிறதா என்று எந்தப் பழைய வெஸ்டர்னிலும் சோதித்துப் பார்க்கலாம்.

பகலில் எடுத்து இரவென்று காட்டும் வித்தை அந்தக் காலத்தில் சர்வசாதாரணம். தரையில் குதிரையின் நிழல் ஒரே திசையில் கூர்மையாக விழுந்தால், சட்டகத்தில் வானம் கூடியவரை தவிர்க்கப்பட்டிருந்தால், எரியும் விளக்கு மங்கலாகத் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். உண்மையான இரவில் எடுத்ததானால் விளக்கைச் சுற்றி மட்டும் வெளிச்சம், அப்பால் எதுவுமில்லை. இரவு நடனத்துக்குப் பிறகு தெருவில் நடக்கும் மோதலையும், பாறைச் சரிவில் பகல் வெளிச்சத்தில் மறைந்திருந்து சுடும் காட்சியையும் அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். இருட்டில் ஆள் ஒளிவது புரிகிறது. வெட்டவெளியில், உச்சி வெயிலில், ஒளிய இடமில்லாமல் இருப்பது அதைவிடப் பயங்கரமாக இருக்கிறது. காத்திக் மாளிகைக்குச் சுவர் தேவை. இந்தப் படத்தில் பாறைகளே அந்தச் சுவர்.

ஆறாம் படி: வீட்டில் ஒரே ஒரு சட்டகம்

ஒரு விளக்கை வைத்து நீங்களே முயன்று பார்த்தால்தான் ஹோவின் வேலை கைக்குப் பிடிபடும். தேவையானவை: மூடுதாள் இல்லாத 9 வாட் எல்இடி பல்பு அல்லது ஒரு நல்ல டார்ச், இரண்டு மீட்டர் கறுப்புத் துணி, ஒரு தொப்பி, கைப்பேசி.

உட்காருபவரைச் சுவரிலிருந்து மூன்று மீட்டர் முன்னால் இருத்துங்கள். விளக்கு முகத்துக்குப் பக்கவாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில், கண்ணுக்கு ஒரு சாண் மேலே. தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்காகும் என்ற விதிப்படி, பின்சுவருக்குப் போய்ச் சேர்வது முகத்தில் விழுவதில் பத்தில் ஒரு பங்குதான், ஆகவே சுவர் இருட்டில் கரையும். சுவருக்கு அரை மீட்டர் முன்னால் உட்காரவைத்தால் ஐந்தில் நான்கு பங்கு சுவரிலும் விழும். முதல் முயற்சி கெடுவது அநேகமாக இதனால்தான்.

அடுத்த தவறு, வெள்ளைச் சுவர்கள். விளக்கின் வெளிச்சம் எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பி நிழல் கன்னத்தை நிரப்பிவிடும். அந்தப் பக்கம் முகத்திலிருந்து அரை மீட்டரில் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள்.

கைப்பேசியில் எச்டிஆர், இரவுப் பாங்கு இரண்டையும் அணையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் உண்டாக்கிய நிழலைக் கைப்பேசி கர்மசிரத்தையாக வெளிச்சமாக்கிவிடும். முகத்தின் வெளிச்சப் பகுதியில் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்ச அளவை) பூட்டி, ஒன்றரை ஸ்டாப் இறக்குங்கள். ஷட்டரைக் கைமுறையாக வைக்க முடிந்தால் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு வையுங்கள். நம் ஊர் மின்சாரம் வினாடிக்கு 50 சுழற்சி என்பதால், இதற்குப் பொருந்தாத வேகங்களில் பல்பு சிமிட்டி வரிவரியாக விழலாம்.

இப்போது தொப்பியை மாட்டி, விளக்கை ஐந்து ஐந்து சென்டிமீட்டராக உயர்த்துங்கள். ஏதோ ஓர் உயரத்தில் ஒரு கண் இருளில் மூழ்கி, மற்றது மட்டும் மிஞ்சும். அந்த உயரத்தைக் குறித்துக்கொண்டு படத்துக்குத் திரும்புங்கள்; கிராண்டின் முகம் வரும் காட்சிகளில் அந்த விளக்கு எங்கே நின்றிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இதற்குப் பிறகு பார்க்க இரண்டு படங்கள். மிட்சம் அடுத்த ஆண்டே நடித்த 'பிளட் ஆன் த மூன்' (1948), ராபர்ட் வைஸ் இயக்கியது. அதில் கூரை தாழ்ந்த அறைகளில் நடக்கும் சண்டையைத் தவறவிடாதீர்கள். அடுத்து ஆண்டனி மேன் இயக்கிய 'த ஃப்யூரீஸ்' (1950). ஜூடித் ஆண்டர்சன் அதிலும் உண்டு, இம்முறை தந்தைக்கும் மகளுக்கும் நடுவே வந்து சேரும் பெண்ணாக. இதே வரிசையில் பார்ப்பது நல்லது. ஒவ்வொரு வட்டையும் போட்டதும் இரண்டாம் படியில் சொன்ன ஆறாவது திருத்தத்தை மட்டும் மறுபடி செய்யுங்கள். ஒரு படத்துக்கு வைத்த கறுப்பு இன்னொரு படத்தின் பிரதிக்குப் பொருந்துவதில்லை.